ஆடிப் பதினெட்டுக்கு ஆல்பம் போடலாமா, டாக்டரம்மா?

சிவகாசியிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். நீளமான கடிதம். சுருக்கித் தருகிறேன்.

"டாக்டரம்மாவுக்கு வணக்கம். எனக்கு வயது 49. சின்னதாக ஒரு ஆப்செட் அச்சகம் வைத்திருக்கிறேன். வருமானத்தில் பாதி காலண்டரில்தான். மூன்றரை வருடம் முன்பு மலம் கறுப்பாகப் போனது, ரத்தம் குறைந்தது. அல்சர் என்று நினைத்துப் பல மாதம் மருந்து சாப்பிட்டேன். கடைசியில் சிறுகுடலில் கட்டி என்று கண்டுபிடித்து ஆபரேஷன் செய்தார்கள். 'ஜிஸ்ட்' என்று பெயர் சொன்னார்கள், அபூர்வமான புற்றுநோயாம். கல்லீரலிலும் மூன்று புள்ளி இருந்தது. அன்றிலிருந்து தினம் ஒரு இமாட்டினிப் 400 மி.கி. மாத்திரை. மூன்று மாதத்துக்கு ஒரு ஸ்கேன். ஒவ்வொரு முறையும் 'ஸ்டேபிள்' என்றே வருகிறது. மாத்திரையை எப்போது நிறுத்தலாம் என்று கேட்டால், நிறுத்தவே கூடாது என்கிறார்கள். இவ்வளவு மலிவாகக் கிடைக்கிற மாத்திரை நல்ல மருந்துதானா என்ற சந்தேகம் வேறு. முடி கொட்டவில்லை, நடமாடுகிறேன், ஆனால் இரண்டு வருடமாகச் சொந்த ஆல்பம் (அடுத்த வருடக் காலண்டர் மாதிரிகளின் புத்தகம்) போடவில்லை. ஆர்டரையெல்லாம் மைத்துனர் பக்கம் தள்ளிவிட்டேன். அடுத்த வருடத் தேதித் தாளை அடுக்கும்போது, இதைக் கிழிக்க நான் இருப்பேனா என்று கை நின்றுவிடுகிறது. வருகிற ஆடிப் பதினெட்டுக்கு ஆல்பம் போடலாமா? ஆடி கடைசி வெள்ளிக்கு இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்கு நடந்து போகலாமா? அல்லது சிகிச்சை முடியும்வரை பொறுத்திருப்பதா?"

அண்ணாச்சி, வணக்கம். எனக்கும் அந்தப் பக்கம்தான் ஊர், அதனால் இப்படியே கூப்பிடுகிறேன்.

உங்கள் கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். "சிகிச்சை முடியும்வரை" என்று எழுதியிருக்கிறீர்கள். உங்களுக்கு இந்தச் சிகிச்சை முடியாது. இதைக் கெட்ட செய்தியாக எடுத்துக்கொள்ளாதீர்கள், மேலே படியுங்கள். ஆறு ஊசி, இருபத்தைந்து கரன்ட் என்று கணக்குப் போட்டு முடிகிற வைத்தியத்தைத்தான் நம் ஊரில் கேன்சர் வைத்தியம் என்று எல்லோரும் அறிந்திருக்கிறார்கள். உங்களுடையது அந்தக் கணக்கில் சேராது. மாத்திரைக்குக் கட்டி அடங்குகிறவரைக்கும் மாத்திரை. முடிந்த பிறகு வாழ்க்கையை ஆரம்பிக்கலாம் என்று எதையெல்லாம் நீங்கள் பரண்மேல் ஏற்றி வைத்திருக்கிறீர்களோ, அது எதுவும் தானாக இறங்கி வராது. நீங்கள்தான் இறக்க வேண்டும்.

ஏன் நிறுத்தக் கூடாது என்பதை உங்களுக்கு யாரும் உட்கார்ந்து விளக்கவில்லை போலிருக்கிறது. குடல் சுருங்கி விரிவதற்குத் தாளம் போட்டுக் கொடுக்கிற ஒரு வகை உயிரணுக்கள் குடல் சுவரில் இருக்கின்றன. ஜிஸ்ட் கட்டி அந்தக் குடும்பத்தில் பிறப்பது. பெரும்பாலானவர்களுக்கு அதில் 'கிட்' என்கிற மரபணு கெட்டுப்போய், வளரச் சொல்லும் சுவிட்ச் போட்டபடியே சிக்கிக்கொள்கிறது. இமாட்டினிப் அந்தச் சுவிட்சின் இடுக்கில் போய் உட்கார்ந்து அதை அணைத்து வைக்கிறது. கட்டியில் ஒரு பகுதி செத்துப்போகும். மீதி தூங்கும். மாத்திரையை எடுத்துவிட்டால் தூங்குவது விழித்துக்கொள்ளும். பிரான்சில் இதைச் சோதித்தே பார்த்துவிட்டார்கள். நன்றாக இருந்தவர்களில் சிலருக்கு ஒரு வருடம், மூன்று வருடம், ஐந்து வருடம் கழித்து மாத்திரையை நிறுத்தினார்கள். பெரும்பாலானவர்களுக்கு மறுபடி வளர்ந்தது. திரும்ப ஆரம்பித்ததும் அநேகமாக எல்லோருக்கும் அடங்கியது என்பது வேறு விஷயம். ஆனால் அந்த விளையாட்டு நமக்கு எதற்கு?

அபூர்வம் என்று சொன்னதைப் பற்றியும் ஒரு வார்த்தை. உலகக் கணக்கில் பத்து லட்சம் பேருக்கு வருடத்துக்குப் பத்துப் பதினைந்து பேர். விருதுநகர் மாவட்டத்தின் மக்கள்தொகை 2011 கணக்கெடுப்பில் சுமார் 19 லட்சம். அப்படியென்றால் மாவட்டம் முழுக்க வருடத்துக்கு இருபது முப்பது பேர். தெருவில் உங்களைப் போல இன்னொருவரைப் பார்க்க முடியாது. அல்சர் என்று மாதக்கணக்கில் பார்த்ததும் அதனால்தான். இந்த நோயைப் படிப்பில் மட்டும் பார்த்த டாக்டர்கள் நிறையப் பேர் உண்டு.

இன்னொன்று, 2000-க்கு முன்னால் இது பரவிவிட்டால் கொடுக்க மருந்தே கிடையாது. வழக்கமான கீமோ இந்தக் கட்டியை அசைக்காது. 2000 மார்ச்சில் பின்லாந்தின் ஹெல்சிங்கியில், கல்லீரல் முழுக்கக் கட்டியோடு இருந்த ஒரு பெண்மணிக்குத்தான் ஜிஸ்ட்டுக்காக முதல்முறையாக இமாட்டினிப்பைக் கொடுத்துப் பார்த்தார்கள். கட்டிகள் மளமளவென்று சுருங்கின. 2002-இல் அமெரிக்காவில் ஜிஸ்ட்டுக்கு அனுமதி கிடைத்தது. நான் மருத்துவம் படிக்கும்போது பாடப்புத்தகத்தில் இந்த நோய்க்கு ஒரு பத்திகூட ஒழுங்காக இருந்ததில்லை.

மலிவாகக் கிடைக்கிறதே என்கிறீர்கள். அதன் கதை நம் சென்னையில் ஆரம்பிக்கிறது. 'கிளிவெக்' என்ற பெயரில் இதை விற்ற நோவார்டிஸ் கம்பெனி, மருந்தின் ஒரு படிக வடிவத்துக்கு இந்தியாவில் காப்புரிமை கேட்டது. 2006 ஜனவரியில் சென்னைக் காப்புரிமை அலுவலகம் முடியாது என்றது. தெரிந்த மருந்தின் புது வடிவம் என்றால், முன்னைவிட நன்றாக வேலை செய்கிறது என்று காட்டினால்தான் காப்புரிமை என்று நம் சட்டத்தில் ஒரு பிரிவு இருக்கிறது, 3(டி) என்று. வழக்கு மெட்ராஸ் ஹைகோர்ட்டுக்குப் போய், சுற்றிச் சுற்றி, 2013 ஏப்ரல் 1 அன்று சுப்ரீம் கோர்ட்டும் கம்பெனிக்கு எதிராகவே தீர்ப்புச் சொன்னது. அந்தக் காலத்தில் கம்பெனி மாத்திரை மாதத்துக்கு லட்சத்துக்கு மேல். நம் ஊர்க் கம்பெனிகளின் அதே மருந்து எட்டாயிரம், பத்தாயிரம். ஆக, மலிவு என்பது மருந்தின் குறை இல்லை, ஒரு வழக்கின் விளைவு. நீங்கள் பார்க்க வேண்டியது வேறு. பில் போட்டுக் கொடுக்கிற கடையில் வாங்குங்கள். மாதத்துக்கு ஒரு கம்பெனி என்று மாற்றாதீர்கள். ஒரே மாத்திரையில் மூன்று வருடம் 'ஸ்டேபிள்' என்றால், அந்த மாத்திரை வேலை செய்கிறது என்பதற்கு உங்கள் வயிறே சாட்சி.

'ஸ்டேபிள்' என்ற அந்த வார்த்தையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பல வருடம் முன்னால் ஒரு அம்மாவிடம் அவசரத்தில், "ஸ்டேபிளா இருக்கு, மூணு மாசம் கழிச்சு வாங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அடுத்த முறை எட்டுக் கிலோ இளைத்து வந்தார். கட்டி அப்படியேதான் இருந்தது. "கரையலைன்னு சொல்லிட்டீங்களே டாக்டர், அதான் சோறு இறங்கல" என்றார். தப்பு என்னுடையது. எங்களுக்கு அது நல்ல வார்த்தை, கேட்பவருக்குத் தோற்றுப்போன வார்த்தை. ஜிஸ்ட்டில் கட்டி சுருங்காமலேயே உள்ளே செத்துப்போயிருக்கலாம். ஸ்கேனில் அது மங்கிக் கருஞ்சாம்பல் நிறமாக, தண்ணீர்ப் பை போலத் தெரியும். அளவு அதே 3 செ.மீ. தான். அதனால் அடுத்த முறை அளவை மட்டும் கேட்காதீர்கள், "அடர்த்தி எப்படி இருக்கு?" என்றும் கேளுங்கள். ரேடியாலஜி டாக்டர் நிமிர்ந்து உட்காருவார்.

சரி, எவ்வளவு நாள்? நீங்கள் நேராகக் கேட்கவில்லை. தேதித் தாளை வைத்துக் கேட்டுவிட்டீர்கள். "யாருக்குத்தான் நாளைக்கு நிச்சயம்?" என்று இதற்குள் நூறு பேர் சொல்லியிருப்பார்கள். எனக்கு அந்தப் பேச்சே பிடிக்காது. அவர்களுக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன் கிடையாது. அதனால் தெரிந்த கணக்கைச் சொல்கிறேன். முதன்முதலில் நடந்த பெரிய ஆய்வுகளில், பரவிய ஜிஸ்ட் உள்ளவர்களில் பாதிப் பேருக்கு ஏறத்தாழ இரண்டு வருடத்தில் கட்டி மாத்திரையை மீறி வளர ஆரம்பித்தது. நீங்கள் அந்தக் கோட்டைத் தாண்டி ஒரு வருடம் ஆகிறது. அதே ஆய்வுகளில் சேர்ந்தவர்களில் நாலில் ஒருவருக்குச் சற்றுக் குறைவானவர்கள் பத்து வருடம் கழித்தும் உயிரோடு இருந்தார்கள். அவர்கள் ஆரம்பித்தபோது கையில் இருந்தது இந்த ஒரு மாத்திரைதான். பிறகுதான் சுனிட்டினிப், ரெகோராஃபெனிப், ரிப்ரெட்டினிப் என்று ஒவ்வொன்றாக வந்தன. இதில் நீங்கள் எந்தப் பக்கம் என்று நானோ உங்கள் டாக்டரோ சொல்ல முடியாது. சொல்கிறேன் என்று யாராவது வந்தால் ஜோசியத்துக்குக் காசு கொடுப்பதுபோலக் கொடுத்துவிட்டு வாருங்கள்.

ஒன்று மட்டும் உடனே செய்யுங்கள். கடிதத்தோடு வைத்திருந்த காகிதங்களில் மரபணுச் சோதனை ரிப்போர்ட் இல்லை. சிறுகுடலில் வரும் ஜிஸ்ட்டில் 'எக்ஸான் 9' (கிட் மரபணுவில் கோளாறு இருக்கிற இடத்தின் பெயர்) என்ற வகை கொஞ்சம் அதிகம். அதற்கு 400 போதாமல் 800 வரை கொடுப்பதுண்டு. 'எக்ஸான் 11' என்றால் 400-க்கே நன்றாகக் கேட்கும். ஆபரேஷனில் எடுத்த கட்டியை மெழுகில் பதித்து வைத்த கட்டை ஆய்வுக்கூடத்தில் இருக்கும். அதிலிருந்தே பார்க்கலாம், மறுபடி ஊசி குத்த வேண்டியதில்லை. உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். ரிப்போர்ட் வரும்வரை டோஸை நீங்களாகக் கூட்டக் கூடாது.

இனி ஆல்பம். போடுங்கள். ஆடியில் ஆல்பம் போட்டு, தீபாவளிவரை ஆர்டர் பிடித்து, மார்கழியில் கடைசி பண்டலை லாரி ஏற்றுகிற தொழில் உங்களுடையது. ஐந்து மாதம் முன்னால் யோசிப்பதுதான் உங்களுக்குச் சோறு போட்டது. அந்தப் பழக்கத்தைப் பிடுங்கிவிட்டு வீட்டில் உட்கார வைத்தால், மாத்திரை காப்பாற்றுகிற ஆளில் பாதிதான் மிஞ்சும். ஆனால் பழைய மாதிரியே போடாதீர்கள். ராத்திரி ரன்னுக்கு மிஷின் பக்கத்தில் நிற்பதை மைத்துனரிடம் விடுங்கள். டிசைன் தேர்வு, கலர் ப்ரூஃப், ஏஜென்ட்டுகளோடு பேசுவது, இதெல்லாம் உங்கள் கையில் இருக்கட்டும். இந்த மாத்திரையில் சோர்வு வந்து அமுக்கும், பொழுது ஏற ஏறக் கூடலாம், ஆகவே கண்ணும் புத்தியும் வேண்டிய வேலையைக் காலையில் வைத்துக்கொள்ளுங்கள். மைத்துனரோடு இதைப் பங்கு என்று எழுதிக்கொள்வது நல்லது. "தள்ளிவிட்டேன்" என்று நீங்கள் எழுதிய விதத்தில் ஒரு கசப்பு தெரிகிறது. அவருக்கும் அது தெரிந்துதான் இருக்கும்.

அதே கையோடு உயில், வங்கி நாமினி, அச்சகத்தின் கடன் பத்திரங்கள், மூன்றையும் ஒரே வாரத்தில் முடித்துவிடுங்கள். உயில் எழுதினால் ஆயுசு குறைந்துவிடும் என்று வீட்டில் யாராவது சொல்வார்கள். என் அனுபவத்தில் அதை எழுதி முடித்தவர்கள்தான் அன்று ராத்திரி நன்றாகத் தூங்கியிருக்கிறார்கள். எழுதி பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டு ஆல்பத்துக்கு வாருங்கள்.

இந்த மூன்று மாதக் கணக்குதான் உங்களைப் பிடித்து ஆட்டுகிறது. ஸ்கேனுக்குப் பத்து நாள் முன்னால் பசி போகும், வீட்டில் சின்ன விஷயத்துக்குச் சத்தம் வரும், ரிசல்ட் வந்த ராத்திரி வீடே தூங்கும். இது உங்களுக்கு மட்டும் இல்லை. இதை இல்லாமல் ஆக்க எனக்கு வழி தெரியாது, அகலத்தைக் குறைக்கத் தெரியும். ஸ்கேன் எடுத்த அன்றோ மறுநாளோ டாக்டரைப் பார்க்கிற மாதிரி நாள் வாங்குங்கள், வெள்ளிக்கிழமை எடுத்துவிட்டுத் திங்கள்வரை தவிக்காதீர்கள். போனில் ரிப்போர்ட் வந்தால் ராத்திரி தனியாகத் திறக்காதீர்கள். அப்புறம், ஸ்கேனுக்கு மறுநாள் காலை செய்ய வேண்டிய வேலை ஒன்றை, ரிசல்ட் எதுவானாலும் செய்தாக வேண்டிய வேலையாக, முன்கூட்டியே வைத்துக்கொள்ளுங்கள். என்னிடம் வரும் ஒரு பஸ் கண்டக்டர், ஸ்கேன் மறுநாள் முதல் டிரிப்பைக் கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்வார். "டிக்கெட் கிழிக்கிறப்ப வேற நினைப்பு வராது டாக்டர்" என்பார்.

"அண்ணாச்சி கலர் ஏறிட்டீங்களே, கேன்சர்னு சொன்னாங்க?" என்று கடைத்தெருவில் கேட்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். படித்துவிட்டுச் சிரித்தேன், மன்னியுங்கள். அதற்கும் காரணம் அதே சுவிட்ச்தான். தோலுக்கு நிறம் கொடுக்கும் அணுக்களுக்கும் 'கிட்' தேவை. மாத்திரை அங்கேயும் போய் உட்கார்வதால் நம் போன்ற மாநிறக்காரர்கள் வெளுத்துவிடுகிறார்கள். காலையில் கண் வீங்கித் தூங்கி எழாதவர் போலத் தெரிவதும் மாத்திரையால்தான். மத்தியானத்துக்குள் வடிந்துவிடும். தலையணையை உயர்த்தி வையுங்கள், உப்பைக் குறையுங்கள். ஒரே வாரத்தில் எடை இரண்டு மூன்று கிலோ ஏறினாலோ மூச்சு வாங்கினாலோ அது வேறு, உடனே காட்டுங்கள். கேட்பவர்களுக்கு நீண்ட கதை சொல்ல வேண்டாம். "இருக்கு, அடங்கி இருக்கு, தினம் மாத்திரை போடுறேன்" என்பது போதும். சர்க்கரை வியாதி மாதிரிதான் என்று சொல்லச் சொல்லி நாங்கள் சொல்லிக்கொடுப்பதுண்டு. ஊரார் வாயை மூட அது உதவும். உங்கள் மனைவியிடம் அப்படிச் சொல்லாதீர்கள், அவருக்கு அது பொய் என்று தெரியும். அடுத்த முறை அவரையும் உள்ளே கூட்டிப் போய், அவர் கேட்க நினைப்பதை அவரே டாக்டரிடம் கேட்கட்டும். நீங்கள் வெளியே போய் ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள்.

மாத்திரையை வெறும் வயிற்றில் போடாதீர்கள். இட்லி சாப்பிட்ட பிறகு, பெரிய டம்ளர் தண்ணீரோடு. ராத்திரி கெண்டைக்கால் இழுப்பதும், தாள் பிரிக்கும்போது விரல் மடங்கிக்கொள்வதும் இதன் வேலைதான். தண்ணீர் கூட்டுங்கள், ரத்தத்தில் கால்சியம், மெக்னீசியம் பார்க்கச் சொல்லுங்கள். பம்ப்ளிமாஸ் வேண்டாம். உறவுக்காரர் தருகிற சூரணத்தைச் சாப்பிடும் முன் டப்பாவோடு டாக்டரிடம் கொண்டுபோங்கள். இந்த மாத்திரையைக் கல்லீரல்தான் உடைக்கிறது. சில மூலிகைகள் அந்த வேலையைக் கெடுத்து, மருந்தை ஏற்றவோ இறக்கவோ செய்யும். சாம்பாரில் போடுகிற மஞ்சளுக்கு யாரும் தடை சொல்லவில்லை. மலம் மறுபடி கறுத்தால், திடீரென்று வயிறு கல்லாக வலித்தால், எழுந்ததும் கண் இருட்டினால் அன்று ராத்திரியே ஆஸ்பத்திரி. விடியட்டும் என்று இருக்காதீர்கள். கால் வலி, தலைவலி என்று கடையில் நீங்களாக வலி மாத்திரை வாங்கவும் கூடாது.

பிள்ளைகளுக்கு வருமா என்று ஓரத்தில் பென்சிலால் எழுதி அடித்திருந்தீர்கள். அடித்தது படிக்க முடிந்தது. குடும்பத்தில் தொடர்கிற வகை உண்டு, ஆனால் மிக மிக அரிது. உங்கள் குடும்பத்தில் வேறு யாருக்கும் இல்லையென்றால் பிள்ளைகளை ஸ்கேனுக்கு இழுக்க வேண்டியதில்லை. ஆனால் உங்கள் வியாதி என்னவென்று அவர்களுக்குச் சொல்லுங்கள். மகனுக்குக் காலேஜ் போகிற வயது, அவன் இதற்குள் போனில் எல்லாவற்றையும் தேடிப் பார்த்திருப்பான், பாதி தப்பாக.

இருக்கன்குடிக்கு நடந்து போகலாமா? முந்தின வாரம் ஹீமோகுளோபின் பாருங்கள். பத்துக்கு மேல் இருந்து, உங்கள் டாக்டரும் சரி என்றால் போங்கள். விரதம் என்று மாத்திரையை விட்டுவிடக் கூடாது. இலையில் ஒரு பிடி சாதமாவது சாப்பிட்டுவிட்டுப் போடுங்கள். வெயிலுக்கு முன் கிளம்புங்கள், உப்பு போட்ட மோர் ஒரு கேன், கூடவே மைத்துனரின் வண்டி பின்னால் வரட்டும். பாதி வழியில் கால் இழுத்தால் ஏறிக்கொள்ளுங்கள். மாரியாத்தா கணக்குப் பார்க்க மாட்டாள், வண்டிக்காரர்தான் பெட்ரோலுக்குக் கேட்பார்.

ஆல்பம் வந்ததும் எனக்கு ஒன்று அனுப்புங்கள். எங்கள் ஓ.பி. சுவரில் போன வருடத்துக் காலண்டர்தான் இன்னும் தொங்குகிறது.